"புள்ளைக்கு ஆகாது டாக்டர்": மாத்திரைக்குப் பின்னாடி இருக்குற பயம்

பங்குனில காப்பு கட்டுற தேதிய ஊர்ல சொல்லிட்டாய்ங்கன்னா போதும், உசிலம்பட்டி திருமங்கலம் பக்கம் பிராக்டிஸ் பண்ற எந்த லேடி டாக்டர்ட்ட வேணா கேட்டுப்பாருங்க, நோய் நொடின்னு இல்லாம, திருவிழா நேரத்துல மாதவிலக்கு வந்தா தீட்டுன்னு பயந்து "டேட்டைத் தள்ளிப்போட மாத்திரை எழுதிக் குடுங்க"ன்னு வர்ற பொம்பளைங்க கூட்டம்தான். பங்குனிக்கு அப்புறம் சித்திரை, அப்புறம் ஆடி, புரட்டாசி, இப்படியே வருஷம் ஓடிரும். எங்கிட்ட வர்றவங்களாச்சும் பரவால்ல, நெறையப்பேர் நேரா மெடிக்கல்ல போய் வாங்கி முழுங்கிர்றாங்க, சீட்டெல்லாம் அங்க யாரு கேக்குறா.

அது நார்எத்திஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் மாத்திரை. வழக்கமா 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு வேளை, தேதிக்கு 3 நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும், நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல வந்துரும். எப்பவாச்சும் ஒருதடவை டாக்டரைப் பாத்துட்டு எடுக்குறதுல தப்பில்ல, அவங்க இஷ்டம். ஆனா கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சு அடைச்சவங்க, ஈரல் கோளாறு உள்ளவங்க, மார்புல கேன்சர் வந்தவங்க, காரணம் தெரியாம ரத்தப்போக்கு இருக்குறவங்கல்லாம் இதைத் தொடவே கூடாது.

எழுதிக் குடுக்குறதுக்கு முன்னாடி நான் சும்மா கேப்பேன், "அன்னைக்கு வந்துட்டா என்னம்மா ஆகும்?" எனக்கு ஏதாச்சும் ஆயிரும்னு ஒருத்தரும் சொன்னதில்லைங்க. "புள்ளைக்கு ஆகாது டாக்டர்." "அவரு லாரி ஓட்டுறவரு, ராத்திரில போறாரு." "போன வருஷம் மாமாவுக்கு அட்டாக் வந்ததே என்னாலதான்னு அயித்தை இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

இங்கதான் சூட்சுமமே இருக்கு. ஒனக்கு கெடுதல் வரும்னு சொல்லிப் பாருங்க, வந்தா வரட்டும்னு எந்தப் பொம்பளையும் ஒருநா இல்லாட்டி ஒருநா மீறிருவா. ஒம் புள்ளைக்கு வரும்னு சொன்னா எப்படி மீறுவா? பரீட்சை பண்ணிப் பாக்குற விஷயமா அது? காவலுக்கு ஆளே வேணாம், தன்னைத்தானே பூட்டிக்கிட்டு சாவியையும் அவளே இடுப்புல சொருகிக்குவா.

முளைப்பாரிய எடுத்துக்கங்க. பாரி சரியா வளரலைன்னா "எவளோ தீட்டோட உள்ள போயிருக்கா"ன்னு விசாரணை ஆரம்பிச்சிரும். பழைய பயறா இருந்தா முளைக்காது, தண்ணி கூடிப்போனா அழுகும், இது வெவசாயம் பாக்குற வீட்டு ஆம்பளைக்கு தெரியாதாக்கும்! வயல்ல வெதை முளைக்கலைன்னா கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போறாரு, பாரி முளைக்கலைன்னா மட்டும் மருமகளைப் பாக்குறாரு. அதே மருமக அதே மூணு நாள்ல நூறு நாள் வேலைக்குப் போலாம், களை எடுக்கலாம், மல்லி பறிக்கலாம், அந்தப் பூ மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் அங்கருந்து எந்தக் கோயிலுக்குப் போகுதுன்னு யாரும் கேக்க மாட்டாய்ங்க. கூலி வர்ற எடத்துல தீட்டு இல்லபோல.

நம்ம மதுரை மாவட்டத்துலயே கூவலாபுரம் பக்கம் முட்டுத்துறைன்னு தனியா ஒரு கட்டடம், மாதவிலக்கான பொம்பளைங்க அங்கதான் தங்கணும், இது பேப்பர்லல்லாம் வந்த விஷயம்தான். வயசுக்கு வந்த புள்ளைங்களும், பிரசவமான பொண்ணு பச்சப்புள்ளையோட வந்து இருக்குறதும் உண்டு. டாக்டரா எனக்கு வயித்தக் கலக்குறது இந்தக் கடைசி விஷயம்தான். பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு மொத 24 மணி நேரத்தோட முடியுற ஆபத்து இல்ல, ஆறு வாரம் வரைக்கும் எப்ப வேணா கூடலாம், காய்ச்சலும் சீழும் வரலாம், குழந்தை பால் குடிக்காம சொணங்கிப் போகலாம். பக்கத்துல பெரிய மனுஷி ஒருத்தி இருந்து பாக்கவேண்டிய நேரத்துல தள்ளி வக்கிறோம், இதுல படிச்ச பிள்ளைகளும் வாயத் தொறக்குறதில்ல, ஏன்னா அடுத்து ஊர்ல யாரு செத்தாலும் இவ பேச்சுதான் காரணம்னு ஆயிரும்.

மத்த மதத்துக்காரங்க சிரிக்காதீங்க. புருஷன் அடிக்கிறதை வெளிய சொன்னா குடும்பத்துக்கே சாபம்னு ஜெபக்கூட்டத்துல சொல்லி அனுப்புன பொண்ணையும் பாத்திருக்கேன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணுனா மறுமைல பதில் சொல்லணும்னு பயந்து ரத்தசோகையோட அடுத்த பிரசவத்துக்கு வந்து நின்ன பொண்ணையும் பாத்திருக்கேன். சாமிதான் வேற, பயம் காட்டுற ஃபார்முலா ஒண்ணுதான். நானும் மீனாச்சி கோயிலுக்குப் போறவதான், அதனால நாத்திகம் பேசுறேன்னு சண்டைக்கு வராதீங்க.

மாத்திரை வேணும்னா டாக்டரைப் பாத்துட்டு எடுங்க. எடுத்துக்கிட்டு இருக்கும்போது ஒத்தக்கால் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்குனாலோ, நெஞ்சு வலிச்சாலோ விபூதி பூசிக்கிட்டு ஒக்காராம 108க்கு போன் போடுங்க. வீட்டுல சாமி பேரைச் சொல்லி மெரட்டி, ஆஸ்பத்திரிக்கு விடாம, ஒவ்வொரு சாவுக்கும் ஒங்களைக் குத்தம் சொல்லிக்கிட்டே இருந்தாய்ங்கன்னா, 2005ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல மனசை நோகடிக்கிறதும் வன்முறைக் கணக்குலதான் வரும், அடிச்ச தழும்பு இருக்கணும்னு இல்ல. பெண்கள் உதவிக்கு 181, ராத்திரியும் எடுப்பாங்க.