ஆந்தம்: எசப்பாட்டில் பிறந்த சொல்

ஸ்பெயின் கால்பந்து அணி ஆடும் நாளில், ஆட்டம் தொடங்கும் முன் கேமரா வீரர்களின் முகங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். எதிரணியினர் கழுத்து நரம்பு புடைக்கப் பாடியிருப்பார்கள். ஸ்பெயின் வீரர்களின் உதடு அசையாது. நாட்டுப்பற்று போதவில்லை என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். 'மார்ச்சா ரியால்' என்ற அந்த இசைக்கு அதிகாரபூர்வமான வரிகளே கிடையாது. 2008இல் வரிகள் சேர்க்க ஒரு முயற்சி நடந்தது. எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே கைவிட்டுவிட்டார்கள். ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா? 'லோ லோ லோ' என்று வெறும் மெட்டைப் பாடி ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு நாடு தனக்கென்று வைத்திருக்கும் இந்த மாதிரி இசைக்குத் தமிழில் என்ன பெயர்? செய்தித்தாளில் 'தேசிய கீதம்' என்று வரும். விழா அழைப்பிதழின் கடைசி வரியில் 'நாட்டுப்பண்' என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். ஸ்பெயின் வீரர்களின் மூடிய வாய் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'கீதம்' வடசொல், 'பாடப்பட்டது' என்பது அதன் பொருள். பாட வரியே இல்லாத ஒன்றுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம். 'பண்' என்பது மெட்டு. தேவாரப் பதிகங்களைப் பண் வாரியாகப் பிரித்திருக்கிறார்கள் என்றால், பாட்டு வேறு, அது ஏறி அமரும் பண் வேறு என்றுதான் பொருள். 'பண்என்னாம் பாடற்கு இயைபின்றேல்' என்று வள்ளுவர் கேட்பதும் (குறள் 573) இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான். பாடலோடு பொருந்தாத பண்ணால் என்ன பயன் என்கிறார். ஸ்பெயினிடம் பண் இருக்கிறது. பொருந்தவோ பொருந்தாமல் போகவோ பாடல்தான் இல்லை.

'நாட்டுப்பண்' மீது எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. இரண்டாம் வேற்றுமை ஏற்றதும் அது 'நாட்டுப்பண்ணை' ஆகிவிடும். 'வீரர்கள் நாட்டுப்பண்ணைப் பாடினார்கள்' என்று படிக்கும்போது பின்னணியில் கோழிகள் கொக்கரிப்பது எனக்கு மட்டும் கேட்கிறதா என்று தெரியவில்லை. சரி, 'நாட்டுப்பாட்டு' என்று வைத்துக்கொள்ளலாம் என்றால், நாட்டுப்புறப் பாட்டு வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கோழிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

இனி 'ஆந்தம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். அதன் வேர் கிரேக்கம்: 'ஆன்டி' என்றால் எதிர், 'ஃபோனே' என்றால் குரல். தேவாலயத்தில் பாடகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு பக்கம் ஓர் அடி பாட, மறுபக்கம் அடுத்த அடியால் பதில் சொல்லும். அந்த முறைக்கு லத்தீனில் 'ஆன்டிஃபோனா' என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்டெஃப்ன்' என்று மழுங்கி, பிறகு 'ஆன்டெம்' ஆகி, கடைசியில் 'ஆந்தம்' என்று நின்றது. நாற்று நடும் வயலிலும் திருவிழா மேடையிலும் ஒருவர் பாட, இன்னொருவர் விடாமல் பதில் பாடுவதற்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறதே, எசப்பாட்டு, அதுதான் இது. அகராதிகள் 'ஆந்தம்' என்பதற்கு நேரே எதையெதையோ எழுதுகின்றன. வேருக்கு நேரான சொல் எசப்பாட்டுதான்.

நாட்டைப் பாடும் பாட்டுக்கு இந்தப் பெயரை வைத்துக்கொண்டது ஆங்கிலத்தின் தனிவழி. பிரெஞ்சும் ஸ்பானியமும் ஜெர்மனும் ரஷ்யமும் கிரேக்க 'ஹிம்னோஸ்' என்ற சொல்லின் வழிவந்த பெயர்களைத்தான் வைத்திருக்கின்றன. ஹிம்னோஸ் என்றால் புகழ்ந்து பாடுவது, தமிழில் 'வாழ்த்து'. ஆங்கிலத்திலோ 'ஆந்தம்' முதலில் பதில் பாடும் பொருளை இழந்து, தேவாலயக் குழு பாடும் எந்தப் பாட்டுக்கும் பெயரானது. மன்னரைக் கடவுள் காக்க வேண்டும் என்று 1745இல் லண்டன் நாடக அரங்கில் பாடிய பாட்டும் பிற்பாடு அந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்தது. 1727இல் பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவுக்கு இசையமைப்பாளர் ஹேண்டல் நான்கு ஆந்தங்கள் அமைத்தார். அவற்றில் ஒன்றைத் தழுவியதுதான் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் 1992 முதல் ஒலிக்கும் இசை. முடிசூட்டிய பாட்டு கோப்பைக்கு வந்துவிட்டது.

தேவாலயத்தில் தொலைந்த பழைய பொருள் மைதானத்தில் திரும்பக் கிடைத்தது. 1905 டிசம்பர் 16, கார்டிஃப். பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த நியூசிலாந்து ரக்பி அணி அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. வழக்கம்போல் தொடையில் அறைந்து, காலை உதைத்து 'ஹாக்கா' என்ற மாவோரி ஆட்டத்தை ஆடி முடித்தது. அதற்குப் பதிலாக வேல்ஸ் வீரர் டெடி மார்கன் தம் நாட்டுப் பாட்டைத் தொடங்கினார். சக வீரர்கள் சேர்ந்துகொள்ள, பிறகு அரங்கமே எடுத்துப் பாடியது. ஆட்டத்துக்கு முன் நாட்டுப்பண் பாடியதன் தொடக்கம் என்று பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அங்கே யாரும் எழுந்து நிற்கச் சொல்லி அறிவிக்கவில்லை. எதிரணி ஒன்று சொன்னது, இவர்கள் பதில் சொன்னார்கள். அச்சு அசலான எசப்பாட்டு. வேல்ஸ் 3-0 என்று வென்றது. அந்தப் புள்ளிகளை எடுத்தவரும் மார்கன்தான்.

அமெரிக்காவில் கதை வேறு. 1918 செப்டம்பர் 5, சிகாகோ, போர்க்காலம். பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் பேண்டு குழு ஒரு பாட்டை வாசித்தது. கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர் சட்டென்று திரும்பிக் கொடிக்கு சல்யூட் வைக்க, கூட்டம் மெல்லப் பாடத் தொடங்கியது. அந்தப் பாட்டு சட்டப்படி அந்நாட்டின் நாட்டுப்பண் ஆனது 1931இல்தான். ரசிகர்கள் 13 ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள்.

'ரசிகர்' என்பது சுவையை அறிந்தவர் என்ற பொருள் தரும் மென்மையான சொல். ஆங்கில 'ஃபேன்' அப்படியில்லை. அது 'ஃபனாட்டிக்' என்பதன் சுருக்கம் என்பதே பொதுவான கருத்து. 'ஃபானும்' என்றால் லத்தீனில் கோயில். அங்கே தெய்வம் ஏறி ஆடுபவரைக் குறித்த சொல் அது. பழைய பத்திரிகைகள் 'விசிறி' என்று மொழிபெயர்த்து வேடிக்கை காட்டின. 'வெறியர்' என்று எழுதியவர்களோ, தெரிந்தோ தெரியாமலோ, ஆணிவேரையே தொட்டுவிட்டார்கள். சங்கப் பாடல்களில் வேலன் என்ற பூசாரி மேல் முருகன் ஏறி ஆடுவதற்குப் பெயர் வெறியாட்டு.

தெய்வம் ஏறிய கூட்டம் கடிகாரம் பார்க்காது. 2014 உலகக் கோப்பையில் ஒவ்வொரு நாட்டுப்பண்ணுக்கும் ஏறத்தாழ 90 நொடிதான் ஒதுக்கியிருந்தார்கள். பிரேசிலின் பண் அதற்குள் அடங்காது. இசைத்தட்டு பாதியில் நின்றது. வீரர்களும் கூட்டமும் நிற்கவில்லை. இசைக்கருவி எதுவும் இல்லாமல், ஆயிரக்கணக்கான குரல்கள் மிச்ச அடிகளை முடித்துவைத்தன. ஒலிபெருக்கி பாடிய அடிக்கு மனிதர்கள் பதில் பாடினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

எசப்பாட்டுக்கு இலக்கணம் ஒன்றுதான்: எதிராளி முடிக்கும்வரை உன் முறைக்குக் காத்திரு. தொப்பியைக் கழற்று, அசையாமல் நில், நெஞ்சில் கை வை என்பதெல்லாம் அந்தந்த நாடு பிற்பாடு சேர்த்தவை. 'மரியாதை' என்ற சொல்லுக்கே வடமொழியில் வரம்பு, எல்லை என்பதுதான் முதற்பொருள். 2008 அக்டோபரில் பாரிசை ஒட்டிய மைதானத்தில் பிரான்சும் துனிசியாவும் மோதியபோது பிரான்சின் நாட்டுப்பண்ணை விசில் சத்தம் மூழ்கடித்தது. இனி இப்படி நடந்தால் ஆட்டத்தையே நிறுத்துவோம் என்று அரசு மறுநாளே அறிவித்தது. அந்த விசிலுக்குப் பின்னால் இருந்த குமுறல் தனிக்கதை. ஆனால் எதிர்க்குரல் கேட்க வேண்டிய இடத்தில் குரலே கேட்காமல் செய்வது எசப்பாட்டில் சேராது. வாய் திறக்காமல் நிற்பது வேறு. 2022 உலகக் கோப்பையில் தாங்கள் ஆடிய முதல் ஆட்டத்தில் ஈரான் வீரர்கள் தங்கள் நாட்டுப்பண்ணைப் பாடாமல் நின்றார்கள். அந்த மௌனத்தை உலகமே ஒரு பதிலாகத்தான் கேட்டது. பாடாத வாயை வைத்துப் பற்றை அளக்கும் ரசிகர், ஸ்பெயின் வீரர்களை என்ன செய்வார்?

எழுதுவோருக்கு என் பரிந்துரை: நாட்டைக் குறித்தால் 'நாட்டுப்பண்'. 'தேசிய கீதம்' பிழையில்லை, ஸ்பெயினுக்கு மட்டும் வேண்டாம். கிளப்புகளும் விளம்பரங்களும் வெளியிடும் 'ஆந்தம்' எல்லாவற்றுக்கும் 'அணிப்பாட்டு' போதும். இங்கிலாந்துக்கும் லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி ஐரோப்பிய நாட்டுக்கும் பாட்டு வேறு வேறு, ஆனால் மெட்டு ஒன்றே. 2003இல் இரண்டு அணிகளும் மோதியபோது ஒரே மெட்டு அடுத்தடுத்து இரண்டு முறை ஒலித்தது. பாட்டு இரண்டு, பண் ஒன்று. அரங்கில் இருந்தவர்கள் இரண்டு முறையும் நின்றுதான் ஆக வேண்டியிருந்தது.