சர்வர் யார் பேச்சை நம்புகிறது? ஆன்லைன் கேம் ஹேக்குகள் நுழையும் வழிகள்

பிஜிஎம்ஐயோ கவுண்டர் ஸ்ட்ரைக்கோ, ஆடுபவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் ஒன்றுதான்: "நான் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன், அவனுக்கு எப்படித் தெரிந்தது?" அவனுக்குத் தெரிவதற்கு முன்பே அவன் கருவிக்குத் தெரிந்திருக்கிறது. எதிரி எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், கையில் என்ன துப்பாக்கி என்பதையெல்லாம் சர்வர் வினாடிக்குப் பல முறை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சுவரை வரைந்து அவரை மறைக்கிற வேலை மட்டும்தான் உங்கள் போனில் நடக்கிறது. விடைத்தாளையும் வினாத்தாளோடு சேர்த்து மடித்துக் கொடுத்துவிட்டு, பிரிக்காதே என்று சொல்வது மாதிரி. வால்ஹேக், ஈஎஸ்பி என்ற பெயரில் விற்பவை எதையும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. நினைவகத்தில் ஏற்கெனவே கிடக்கும் எண்களை எடுத்து, திரையில் கட்டம் போட்டுக் காட்டுகின்றன.

அதனால் எந்த ஹேக்கைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது: இந்த இடத்தில் சர்வர் யார் பேச்சை நம்பியது?

வால்ஹேக்குக்கு மருந்து, தேவையில்லாததை அனுப்பாமல் இருப்பது. 2020இல் வந்த வேலரன்ட்டில் ரயட் நிறுவனம் அதைத்தான் செய்தது. எதிரி உங்கள் கண்ணில் படப்போகும் நேரம் வரை அவர் நிற்கும் இடம் உங்கள் கணினிக்கு வராது. முழுத் தீர்வா என்றால் இல்லை. பிங், அதாவது தகவல் போய்வரும் தாமதம், இருப்பதால் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் மூலை திரும்பும்போது எதிரி திடீரென்று முளைப்பார். அந்தக் கணநேர இடைவெளியில் வால்ஹேக் இன்னும் பிழைத்துக்கொள்கிறது. ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் சிறிய மேப்பில் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் விரிந்த, பிஜிஎம்ஐயின் எராங்கல் மேப்பில் 100 பேர் இறங்கினால், யாருக்கு யார் தெரிகிறார் என்று பார்க்க 9,900 ஜோடிகள். புல், மலை, ஜன்னல் வேறு. இப்படிப்பட்ட பெரிய மேப்களில் தூரத்தை வைத்து மட்டும் வடிகட்டிவிட்டு மற்றதை அனுப்பிவிடுவதுதான் வழக்கம். பப்ஜியின் கணினிப் பதிப்பில் 2018 வாக்கில் பரவிய ரேடார் ஹேக், ஆடுகிற கணினியைத் தொடவே இல்லை. வழியில் போகும் நெட்வொர்க் தகவலை இன்னொரு கணினி படித்து, தனித் திரையில் எல்லோரையும் புள்ளிகளாகக் காட்டியது.

வேக ஹேக் இதற்கு நேர் மாறு. சர்வர் மனது வைத்தால் அடைத்துவிடலாம். ஆனால் அடைக்கிற விதத்தில்தான் புதிதாக கேம் எழுதுபவர்கள் சறுக்குகிறார்கள். ஓட்ட வேகம் வினாடிக்கு 6 மீட்டர், சர்வர் வினாடிக்கு 20 முறை கணக்குப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 30 சென்டிமீட்டர்தான் நகர முடியும். அதைத் தாண்டினால் ஹேக் என்று எழுதிவிட்டால், பஸ்ஸில் மொபைல் டேட்டாவில் ஆடும் அப்பாவிதான் முதலில் மாட்டுவார். அவர் சிக்னல் 400 மில்லிவினாடி தேங்கி நின்று எட்டுத் தகவல்களும் ஒன்றாக வந்து விழும்போது, சர்வர் கண்ணுக்கு அவர் ஒரே தாவலில் 2.4 மீட்டர் பாய்ந்திருப்பார்.

ஒவ்வொரு தகவலையும் தனித்தனியாகப் பார்க்காமல், இரண்டு மூன்று வினாடிக்குச் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதே சரி. கூடவே, போன் சொல்லும் நேரத்தை நம்பாமல் சர்வர் தன் கடிகாரத்தை வைத்து எண்ண வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 10 வினாடிக்கு 200 கட்டளைகள் வரவேண்டும். தொடர்ந்து 10 வினாடிக்கு 220 என்ற விகிதத்தில் வந்துகொண்டே இருந்தால் யாரோ கடிகாரத்தை பத்து சதவீதம் முடுக்கிவிட்டிருக்கிறார்கள். லேக் ஸ்விட்ச் ஆசாமிகள் இணைப்பை வேண்டுமென்றே நிறுத்தி, தான் மட்டும் நகர்ந்துவிட்டு மொத்தமாக அனுப்புவார்கள். ஓர் அளவுக்கு மேல் பழையதாகிப்போன கட்டளைகளைச் சர்வர் தூக்கிப்போட வேண்டும். உண்மையிலேயே சிக்னல் மோசமாக உள்ளவரும் இதனால் பின்னுக்கு இழுபடுவார், வேறு வழியில்லை. லேக் யாருடையதோ அதன் பாதிப்பு அவரோடு நிற்கட்டும். எதிரில் நிற்பவர் தலையில் விழக் கூடாது.

குறியைத் தானாகவே எதிரி மேல் வைக்கும் எய்ம்பாட் வேறு ரகம். சர்வருக்கு வருவது "இந்தக் கோணத்தில் திரும்பினேன், சுட்டேன்" என்ற தகவல் மட்டும்தான். அது நூற்றுக்கு நூறு விதிப்படியான தகவல். மனிதக் கண்ணும் கையும் 150 முதல் 200 மில்லிவினாடி எடுக்கும் என்பதை வைத்துப் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். நல்ல ஆட்டக்காரர் காலடிச் சத்தம் கேட்டு முன்கூட்டியே குறிவைத்துக் காத்திருந்தாலும் அந்த இடைவெளி பூஜ்யமாகத்தான் தெரியும். விற்கப்படும் எய்ம்பாட்களோ தாமதத்தையும் கை நடுக்கத்தையும் வேண்டுமென்றே கலக்கின்றன. பல ஆட்டங்களின் கணக்கைச் சேர்த்தால்தான் ஏதாவது புலப்படும். உடனே பேன் செய்யாமல் வாரக்கணக்கில் தள்ளி மொத்தமாகச் செய்வதற்கும் காரணம் இருக்கிறது. எந்தப் பதிப்பு, எந்த அசைவில் மாட்டியது என்று விற்பவருக்குத் தெரியக் கூடாது.

சர்வரால் முடியாததால்தான் ஆன்டி-சீட் எனப்படும் ஹேக் பிடிக்கும் மென்பொருள் உங்கள் கணினிக்குள் இறங்கியது. ரயட்டின் வேன்கார்ட் விண்டோஸ் எழும்போதே இயங்குதளத்தின் அடிமட்டமான கெர்னல் மட்டத்தில் ஓடத் தொடங்குகிறது. அந்த மட்டத்துக்குக் கீழேயும் ஆட்கள் போய்விட்டார்கள். மதர்போர்டில் செருகிய டிஎம்ஏ கார்டு வழியாக நினைவகத்தை இன்னொரு கணினி படிக்கிறது, கேம் ஓடும் கணினியில் ஹேக் மென்பொருள் எதுவுமே இருப்பதில்லை. ஆன்டி-சீட்டை ஆராதிக்கவும் வேண்டியதில்லை. கென்ஷின் இம்பாக்ட்டின் ஆன்டி-சீட் டிரைவரில் இருந்த ஓட்டையை வைத்து, 2022இல், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று ஆன்டிவைரஸையே அணைத்தது. அந்த கேம் நிறுவியிராத கணினியிலும் டிரைவர் கோப்பை மட்டும் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள்.

வெளி மென்பொருள் இல்லாத ஏமாற்று

அமேசானின் நியூ வேர்ல்ட் கேம் 2021 செப்டம்பர் கடைசியில் வெளிவந்தது, அடுத்த மாதமே ஒரு விஷயம் தெரியவந்தது. கேமைச் சிறு ஜன்னலில் ஓடவிட்டு, அந்த ஜன்னலை மவுஸால் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தால் உங்களை யாராலும் கொல்ல முடியாது! ஜன்னல் நகரும்போது கேம் சர்வரோடு பேச்சை நிறுத்துகிறது. அடி விழுந்ததைப் பதிய, சர்வர் அதன் பதிலுக்காகக் காத்திருந்தது. அதே மாதம் சாட் பெட்டியில் இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் குறியீட்டைப் போட்டால் அது அப்படியே ஓடியது. அடுத்த மாதமே தங்கம் இரட்டிப்பாகிறது என்று தெரிந்து, வர்த்தகத்தையே தற்காலிகமாக மூட வேண்டிவந்தது.

இரட்டிப்பு, அதாவது டூப், எந்த கேமில் வந்தாலும் பெரும்பாலும் ஒரே கதை. முருகன் கையில் ஒரு வாள், அதை செல்வத்திடம் கொடுக்கிறார். செல்வம் உடனே வேறு மேப்புக்குப் போகிறார், போகும்போது அவர் பை சேமிக்கப்படுகிறது, வாள் பதிவாகிவிட்டது. முருகனின் பை இன்னும் சேமிக்கப்படவில்லை. இப்போது அவர் இருக்கும் சர்வரை ஏதோ ஒரு வழியில் விழவைத்தால், எழும்போது பழைய பதிவு வரும். வாள் இரண்டு. இரண்டு பைகளையும் ஒரே பரிவர்த்தனையில் எழுதி, நடுவில் அறுந்தால் இரண்டையும் ரத்து செய்தால் இது நடக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் கொடுத்தால், ஒரே எண் இரண்டு பையில் இருப்பதை இரவில் ஒரு தேடலில் பிடித்துவிடலாம். தங்கத்துக்கு எண் கிடையாது. மணிக்கு எவ்வளவு உருவானது, எவ்வளவு செலவழிந்தது என்ற மொத்தக் கணக்குதான் காவல்.

பக் கேமில் இருந்தது, நான் என்ன செய்வேன் என்ற வாதம் போட்டிகளில் எடுபடாது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் பயிற்சியாளரின் கேமரா மேப்பின் ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும் பக் இருந்தது. அங்கிருந்து எதிரணி நடமாட்டம் தெரியும். 2020 செப்டம்பரில் இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் 37 பயிற்சியாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. எத்தனை ரவுண்டு அப்படியே இருந்தார், தானாக ஒப்புக்கொண்டாரா என்பதைப் பார்த்துத் தடைக்காலம் மாறியது. பக்கில் தெரியாமல் விழுந்தால் வீடியோ எடுத்து, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளைச் சொல்பவர்களுக்கு, கவுண்டர் ஸ்ட்ரைக்கின் வால்வும் வேலரன்ட்டின் ரயட்டும் பரிசுத் திட்டமே வைத்திருக்கின்றன.

சில ஓட்டைகள் கேமைத் தாண்டி உங்கள் கணினிக்கே வந்துவிடும். 2021 டிசம்பரில் மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி தட்டினால் போதும். அதைப் பதிவு செய்யும் லாக்4ஜே நூலகம் அந்த வரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டியது. 1.18.1 பதிப்பில் அடைத்துவிட்டார்கள். நண்பர்களுக்காக வீட்டுக் கணினியில் பழைய பதிப்பு சர்வர் ஓட்டுபவர்கள் இன்றே பார்க்க வேண்டியது இது. 2022 ஜனவரியில் டார்க் சோல்ஸ் 3 நேரலையில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் கணினியில் கட்டளைத் திரை தானாகத் திறந்து, அவர் ஆட்டத்தைக் குறைசொல்லிப் பேசியது. கணினிப் பதிப்பின் சர்வர்களை மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள்.

மாட் ஏபிகே போட்டவர் கவனத்துக்கு

மாட் ஏபிகே என்பது ஹேக் சேர்த்து மாற்றிய ஆப் கோப்பு. ஈஎஸ்பி கட்டங்களை கேம் மேல் வரைய, "பிற ஆப்களின் மேல் காட்டு" அனுமதி உண்மையிலேயே தேவை. அதனால்தான் கேட்டதும் தட்டிவிடுகிறார்கள். அதே அனுமதியில் உங்கள் வங்கி ஆப் மேல் போலித் திரையும் வரையலாம். அடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான அக்சஸிபிலிட்டி அனுமதியைக் கேட்கும்: திரையைப் படிக்கும், தானாகத் தட்டும், தன்னை நீக்கவிடாமல் தடுக்கும். எஸ்எம்எஸ் அனுமதியும் போனால் ஓடிபி போச்சு. ஆப்புக்குள் இன்னொரு ஆப்பை ஓட்டும் விர்ச்சுவல் ஆப்புக்குள் கேமை ஓடவிடு என்றால், உங்கள் லாகின் டோக்கன் முழுவதும் அந்த ஆப் கையில். ஐடி பேன் ஆவதற்கு முன்பே விற்கப்பட்டிருக்கும். கணினியில் "ஆன்டிவைரஸை அணை, அட்மினாக ஓட்டு" என்ற இரண்டு வரியே போதும். பிரவுசரில் உள்ள செஷன் குக்கிகளை எடுத்துவிட்டால் இரட்டைச் சரிபார்ப்பும் உதவாது, ஏனென்றால் அவை லாகின் முடிந்த பிறகு கிடைத்தவை.

போட்டாகிவிட்டதா? முதலில் நெட்டை அணையுங்கள். கடவுச்சொல்லை அதே போனில் மாற்றாதீர்கள், மாற்றுவதையும் அது படிக்கும். வேறு கருவியில் ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். கேமோடு இணைத்த ஃபேஸ்புக், கூகுள் அனுமதியைத் துண்டியுங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், ஏபிகே எதையும் பேக்கப்பில் சேர்க்காதீர்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பதில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஹேக் போட்டதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருப்பதற்குள்தான் பணம் கைமாறிவிடுகிறது. வீட்டில் பெரியவர்களும் முதலில் திட்டுவதை விட்டுவிட்டு போனை வாங்கி நெட்டை அணைப்பது நல்லது.

சிறு போட்டி நடத்துபவர்களுக்கு

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசிய கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவரின் கணினியில் எய்ம்பாட் பிடிபட்டது. கோப்பின் பெயர் "வேர்ட் டாட் இஎக்ஸ்இ". அணி வெளியேற்றப்பட்டது, வீரருக்கு ஐந்தாண்டு தடை. நேரில் நடக்கும் போட்டி என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. வீரர்களுக்கு அட்மின் இல்லாத கணக்கு கொடுங்கள், யுஎஸ்பி போர்ட்டை அடையுங்கள், அவர்கள் செட்டிங் கோப்பை நீங்களே வாங்கித் திறந்து பார்த்து ஏற்றுங்கள்.

ஆன்லைன் ரூம் என்றால் திரைப் பதிவோடு, கையும் போனும் தெரியும் ஹேண்ட்கேமும் கேளுங்கள். நேரலையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதமாக விடுங்கள், இல்லையென்றால் எதிரணி அதையே ரேடாராக வைத்துக்கொள்ளும். புகார் வந்தால் 15 வினாடி கிளிப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸின் வட அமெரிக்க இறுதிப்போட்டியில், ஆடிக்கொண்டிருந்த இருவர் திரையில் வெளியாள் ஒருவர் ஹேக்கை இயக்கிவிட்டார். கிளிப்பை மட்டும் பார்த்தால் அவர்கள் திருடர்கள். முழு ஆட்டப் பதிவையும் வாங்கி, சத்தமும் இல்லாமல் டீம்மேட் சொல்லாமலும் புகாருக்கு ஆளானவருக்கு எதுவுமே தெரிய வாய்ப்பில்லாத இடங்களை மட்டும் பாருங்கள். அங்கே குறி சுவருக்குப் பின்னால் எதிரியோடு சேர்ந்து நகர்கிறதா? காலியான மூலைகளை அவர் ஒருபோதும் பார்ப்பதே இல்லையா? இப்படி ஒன்றிரண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று விடலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்ப வந்தால், நேரக் குறிப்போடு எழுதிவைத்து, அந்த வீரரிடம் விளக்கம் கேட்டுவிட்டுப் பரிசுத் தொகையை நிறுத்திவையுங்கள். அவர் ஐடியை சோஷியல் மீடியாவில் போடாமல் நிறுவனத்துக்கு ரிப்போர்ட் அனுப்புங்கள்.