ப்ரீஆம்ப் வாங்கும் முன் அரை சாண் கணக்கு

இரவு பதினொரு மணிக்கு ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் ஒரு தாலாட்டைப் பதிவு செய்தேன். ஹெட்ஃபோனில் கேட்டால், வரிக்கு வரி நடுவே, பக்கத்து அறையில் குழாயை லேசாகத் திறந்து விட்டதுபோல ஒரு இரைச்சல். மைக்கின் மின்குறிப்பைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்பை இன்னும் விலை கூடியதாக வாங்கினால் இது போய்விடுமா?

மைக்கிலிருந்து வருவது எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட) மைக், 94 டெசிபல் ஒலிக்கு 1.12 மில்லிவோல்ட் தருகிறது. தாலாட்டுக் குரல் 74 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கு. இதை ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது தூக்கிவிடுவதுதான் ப்ரீஆம்பின் வேலை. ஆயிரம் மடங்கு பெருக்கினால் அது 60 டெசிபல் கெயின், அதாவது பெருக்கம்.

குரலோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். அது எங்கிருந்து வருகிறது? பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் விளக்கி, 1928-ல் இருவரும் வெளியிட்ட விடை இது: எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் ஓயாமல் துள்ளிக்கொண்டே இருக்கின்றன. மைக்கின் 150 ஓம் மின்தடை, அறை வெப்பத்தில், நம் காது கேட்கும் எல்லைக்குள் சுமார் 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தருகிறது. டிபியு கணக்கில் (0.775 வோல்ட்டைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் டெசிபல்) இது -131. எந்த ப்ரீஆம்பாலும் இதைக் குறைக்க முடியாது. தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கத்தான் முடியும். விவரத்தாளில் இஐஎன் (உள்ளீட்டுக்கு ஈடான இரைச்சல்) என்று போட்டிருப்பது இரண்டும் சேர்ந்த அளவு; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது.

ப்ரீஆம்ப் உள்ளே வைத்த பட்ஜெட் விலைப் பதிவுப் பெட்டிகளைப் பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறைக்கு நிறுவனம் சொல்லும் இஐஎன் -128, கெயின் 56 டெசிபல். மோட்டு எம்2-வுக்கு -129, கெயின் 60. ஸ்கார்லெட் நான்காம் தலைமுறைக்கு -127, ஆனால் கெயின் 69. இரைச்சலில் ஒன்றிரண்டு டெசிபல்தான் வித்தியாசம், கெயினில் 13. எஸ்எம்7பி-க்குக் குறைந்தது 60 டெசிபல் வேண்டும் என்று ஷூரே சொல்வதால், நான் கெயினைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண்கள் பெரும்பாலும் 'ஏ-வெயிட்டிங்' போட்டவை. காதுக்கு அவ்வளவாகக் கேட்காத அதிர்வெண்களைக் குறைத்து அளப்பதால் எண் இரண்டு டெசிபல் அழகாகத் தெரியும். அதே கணக்கில் இயற்கையின் எல்லையும் -133 ஆகிவிடும். அப்படியென்றால் -128 உள்ள பெட்டியை விட்டுவிட்டு எத்தனை லட்சம் கொட்டினாலும் கிடைக்கக்கூடிய முன்னேற்றம் 5 டெசிபல்தான்.

இப்போது கையை விரியுங்கள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு சாண். அந்தத் தூரத்தில் பாடுகிறவர் அரை சாணுக்கு நெருங்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடுகிறது. செலவே இல்லை! கீழ்ஸ்தாயி கொஞ்சம் தடிக்கும், 'ப' வரும் இடங்களில் காற்று மைக்கில் மோதும். காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வைத்து, மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் சரியாகிவிடும்.

தனியாக மின்சாரம் கொடுத்து இயக்கும் கன்டென்சர் மைக் என்றால் கதையே வேறு. ரோட் என்டி1-ஏ அதே 94 டெசிபலுக்கு 25 மில்லிவோல்ட், அதாவது 22 மடங்கு தருகிறது. சத்தம் குறைந்த மைக் என்று பெயர் வாங்கிய அதன் சொந்த இரைச்சலே -128 ப்ரீஆம்பின் இரைச்சலைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அங்கே ப்ரீஆம்பை மாற்றினால் காதுக்கு எதுவும் தெரியாது.

அப்புறம் அந்தக் கெயின் குமிழ். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் கடைசிக் கால் சுற்றில் ஒலி திடீரென்று தாவும். ஒற்றை மின்தடையைக் குறைத்துக் கெயினைக் கூட்டும் மின்சுற்றில், அது பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சின்னத் திருப்பமும் பெரிய பெருக்கமாகிவிடுகிறது. இரைச்சல் தாவுவதும் இதனால்தான், மின்சுற்று கெட்டுப்போகவில்லை. சொல்லப்போனால், உச்சக் கெயினில்தான் அதன் இஐஎன் மிகக் குறைவு.

மறுநாள் அதே பெட்டியில், அரை சாண் தூரத்தில், குமிழைக் கொஞ்சம் குறைத்து அந்தத் தாலாட்டை மறுபடி பாடினேன். வரிகளுக்கு நடுவே இப்போது கேட்டது சமையலறை ஃப்ரிட்ஜ்.