நிலக்கடலையைக் கருக்கும் பார்த்தீனிய மகரந்தம்

2000ஆம் ஆண்டு மானாவாரிப் பருவத்தில், ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலை பரவலாகக் கருகியது. சுமார் 2,25,000 ஹெக்டேர் பாதிப்பு, 300 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று மதிப்பிட்டார்கள். பழகிப்போன மொட்டுக் கருகல் நோய் என்றே முதலில் எண்ணினார்கள். சோதனையில் தெரிந்தது வேறு: புகையிலைக் கீற்று வைரஸ். வரப்பிலும் தரிசிலும் நின்ற பார்த்தீனியம் என்ற களைச்செடிதான் அதன் முக்கிய இருப்பிடம்.

பார்த்தீனியத்தைப் பார்த்து இதைக் கண்டுகொள்ள முடியாது. உள்ளே வைரஸ் இருந்தாலும் இலையில் ஒரு புள்ளிகூட விழாது. செழித்து, அடுத்தடுத்துப் பூத்துக்கொண்டே இருக்கும். வைரஸ் வெளியேறும் வழி மகரந்தம். பூவில் மேயும் இலைப்பேன் என்ற நுண்ணிய பூச்சிகளின் உடம்பில் அது ஒட்டிக்கொள்கிறது. காற்றும் அதைக் கடலை இலைமேல் தூவுகிறது. இலைப்பேன் இலையைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும்போது விழும் காயத்தின் வழியே வைரஸ் செடிக்குள் நுழைகிறது. மொட்டுக் கருகல் வைரஸ் இலைப்பேனின் உடலுக்குள்ளேயே பெருகும். புகையிலைக் கீற்று வைரஸ் அப்படிப் பெருகாது, மகரந்தத்தைச் சுமப்பதும் இலையைக் கீறுவதும்தான் பூச்சியின் பங்கு. குருத்திலைகளில் கருகல் தொடங்கி, காம்பு வழியே தண்டுக்கு இறங்கும். ஒரு மாதத்துக்குட்பட்ட பயிர் பெரும்பாலும் செத்துவிடும்.

நோயுற்ற கடலைச் செடியைப் பிடுங்குவதில் பயனில்லை. கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். அதன் பூவிலிருந்து இலைப்பேனுக்கு மகரந்தம் எளிதில் கிட்டாது. எனவே அது பக்கத்துச் செடிக்கு நோயைத் தருவதில்லை, விதை வழியாகவும் பரவுவதில்லை. பிடுங்கினால் வயலில் வெற்றிடம்தான் மிஞ்சும். நெருக்கம் குறைந்த பயிரில் இலைப்பேன் கூடுதலாக இறங்கும். சூரியகாந்தியும் செண்டுமல்லியும் அப்படியல்ல. அவை நோயுற்றால் வைரஸுள்ள மகரந்தத்தைத் தாமே தரும். கடலைக்கு அருகில் வேண்டவே வேண்டாம்.

நோய் கண்ட பிறகு மருந்தடிப்பது காலம் கடந்த வேலை. விதைக்கும்போதே வயலைச் சுற்றிச் சோளமோ கம்போ குறைந்தது 4 வரிசை போட வேண்டும்; அவை விரைவாக உயர்ந்து காற்றில் வரும் மகரந்தத்தையும் இலைப்பேனையும் தடுக்கும். விதைநேர்த்திக்கு இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். என்ற பூச்சிமருந்து, கிலோ விதைக்கு 2 மி.லி. இது தொடக்கக் கால இலைப்பேனைக் குறைக்கும், அவ்வளவே. பெரிய வேலை பார்த்தீனியத்தை ஒழிப்பது. முளைத்த 4 முதல் 6 வாரத்தில் அது பூக்கத் தொடங்கிவிடும். ஆகவே மழை பெய்து முளைத்ததும், மண் ஈரமாக இருக்கையில், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். வெறுங்கையில் தொட்டால் தோல் அரிக்கும். தன் வரப்பை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. சாலையோரத்தையும் பக்கத்துத் தரிசையும் ஊராரோடு சேர்ந்து, விதைப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.