கிரவுன் ஆயில் ஏன் அப்படி நாறுது? ஹவுசிங்குக்குள்ள நடக்குற கதை

கொல்லிமலை ஏறுற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. ஒரு வளைவுல ஜீப் அரை வட்டமா முழுசா திரும்புறப்போ வெளிப்பக்க சக்கரம் உள்பக்க சக்கரத்தை விட எவ்ளோ கூட ஓடுதுன்னு கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர்னு வெச்சா, அதை 3.14-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 4.7 மீட்டர், அதாவது டயருக்கு ரெண்டு சுத்து. இந்த ரெண்டு சுத்தை விட்டுக் கொடுக்கத்தான் டிஃபரன்ஷியல்னு ஒரு கியர் கூட்டம், ஆக்ஸில்ல இருக்கிற ஹவுசிங்குங்கிற இரும்புக் கூட்டுக்குள்ள உக்காந்திருக்கு. அதுக்குள்ள ஊத்துறதுதான் கிரவுன் ஆயில்.

ஆனா ஆயிலை அதிகமா சோதிக்கிறது அது இல்ல, அதே கூட்டுக்குள்ள இருக்கிற கிரவுன்ங்கிற பெரிய பல்சக்கரமும், என்ஜின் பக்கமிருந்து வந்து அதைச் சுத்துற பினியன்ங்கிற சின்ன பல்சக்கரமும்தான். பினியன் கிரவுனோட நடு மையத்துக்கு நேரா இல்லாம கொஞ்சம் கீழ இறங்கி உக்காந்திருக்கும், இதுக்கு ஹைப்பாய்டு கியர்னு பேரு, சத்தம் கம்மி, பலமும் ஜாஸ்தி. ஆனா பல்லு பல்லு மேல உருண்டு போறதோட நிக்காம அம்மில குழவி இழுக்குற மாதிரி தேச்சுக்கிட்டே வழுக்கும். அந்த அழுத்தத்துல ஆயில் படலம் பிதுங்கி வெளிய போயிடும், இரும்பும் இரும்பும் முட்டும். அங்கதான் ஆயில்ல கலந்திருக்கிற கந்தகமும் பாஸ்பரஸும் வேலைக்கு வருது. முட்டுற இடத்துல எழும்புற சூட்டுல அது இரும்போட சேர்ந்து மெல்லிசா ஒரு படிவம் உண்டாக்கும், பல்லுக்கு பதிலா அந்தப் படிவம் தேஞ்சு போகும், மறுபடி உண்டாகும். டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்க வைக்கிற நாத்தம் இந்தக் கந்தகம்தான்.

டப்பால ஜிஎல்-5னு (கியர் ஆயிலோட தரக் குறியீடு) போட்டிருந்தா இந்த மருந்து தூக்கலா இருக்குன்னு அர்த்தம், ஜிஎல்-4ல அதுல பாதி அளவுதான் இருக்கும். ஹைப்பாய்டு ஹவுசிங்குக்கு ஜிஎல்-5 போட்டே ஆகணும். ஆனா மிச்சம் இருக்கேன்னு அதையே கியர்பாக்ஸ்ல ஊத்திடாதீங்க, ஜிஎல்-4 கேக்குற பாக்ஸ்ல இருக்கிற பித்தளை சிங்க்ரோ ரிங்கை (கியர் மாத்துறப்போ வேகத்தை ஒண்ணாக்கி விடுற வளையம்) அந்தக் கந்தகம் அரிக்க வாய்ப்பு இருக்கு.

அப்புறம் இந்த தொண்ணூறு ஆயில் கதை. என்ஜினுக்கு 15டபிள்யூ-40, கிரவுனுக்கு 80டபிள்யூ-90, அப்போ ரெண்டு மடங்கு கெட்டின்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. அளவுகோலே வேற! 100 டிகிரி சூட்டுல 90 கியர் ஆயில் கிட்டத்தட்ட 40, 50 நம்பர் என்ஜின் ஆயில் கெட்டிதான். நம்ம ஊர் வெயிலுக்கு 80டபிள்யூ-90 தாராளம், கம்பெனி புக்குல 75டபிள்யூ-90 சிந்தெடிக் கேட்டா அதைப் போடுங்க. கிளட்ச் பிளேட் வெச்ச லிமிட்டெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுத்தாம தடுக்குற டிஃபரன்ஷியல்) இருந்தா அதுக்குன்னு தனியா ஒரு கலவை சேர்த்த ஆயில் வேணும், இல்லேன்னா வளைவுல பின்னாடி கடகடன்னு அடிக்கும்.

"நான் ஃபோர் வீல் போடவே இல்லையே, முன் ஹவுசிங்குக்கு எதுக்கு ஆயில்?"னு ஒரு கேள்வி வரும். ஹப்புல ஃப்ரீ வீலிங் லாக் (முன் சக்கரத்தை ஷாஃப்ட்ல இருந்து பிரிச்சு விடுறது) இல்லாத பல வண்டில, டூ வீல்ல ஓடுனாலும் முன் சக்கரம் ஆக்ஸில் ஷாஃப்டை சுத்தும், கிரவுனும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

ஆயிலுக்கு பெரிய எதிரி தண்ணி. நான் பட்டது சொல்றேன், ரெண்டு மணி நேரம் மலை ஓட்டிட்டு சூடா இருந்த வண்டியை நேரா ஓடைல இறக்கினேன். ஹவுசிங்குக்குள்ள 80 டிகிரில இருக்கிற காத்து 25 டிகிரிக்கு ஆறினா அளவு சுமார் 15 சதவீதம் சுருங்கும், அந்தக் குறையை நிரப்ப மேல இருக்கிற பிரீதர்ங்கிற காத்து ஓட்டை வழியா காத்து உள்ள வரணும். என் பிரீதர்ல சேறு அடைச்சுக் கிடந்துச்சு, அதனால சீல் ஓரமா தண்ணியை உறிஞ்சிடுச்சு. ஒரு மாசம் கழிச்சு திறந்தா காப்பில பால் தூக்கலா ஊத்துன கலர்ல ஆயில் வருது. பேரிங்ல துரு புள்ளி. பிரீதர் டியூபை மேல தூக்கிக் கட்ட ஆகுற செலவு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசுதான், அன்னைக்கு பேரிங்குக்கு கொடுத்தது வேற.

மாத்துறப்போ ஒண்ணே ஒண்ணு மறக்காதீங்க, முதல்ல மேல இருக்கிற, ஆயில் ஊத்துற ஃபில்லர் பிளக்கை கழட்டுங்க. கீழ இருக்கிறதை முதல்ல கழட்டி ஆயிலை வடிச்சிட்டு அப்புறம் மேலது துரு பிடிச்சு வரலைன்னா வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். கொஞ்சம் ஓட்டி சூடாக்கிட்டு, சமதரைல நிறுத்தி வடிங்க. வடிகால் பிளக்ல காந்தம் இருந்தா அதுல சாம்பல் கலர் பசை ஒட்டியிருக்கும், விரல்ல தேச்சா மை மாதிரி இருக்கணும். அது சகஜம். நகத்துல தட்டுற மாதிரி இரும்புத் துண்டு வந்தா உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. இங்க என்ஜின் மாதிரி ஃபில்டரும் இல்ல, பம்பும் இல்ல, கிரவுன் ஆயில்ல முங்கி வாரி அடிக்கிறதுதான் பேரிங்குக்கு போகுது. அதனால ஃபில்லர் ஓட்டை விளிம்புல வழியற வரைக்கும் ஊத்தினா போதும். வண்டியை சாய்ச்சு நிறுத்தி இன்னும் திணிச்சா நுரைச்சு சீல் வழியா கசிஞ்சு பிரேக் டிரம்முல இறங்கும்.

வடிச்ச ஆயிலை பழைய ஆயில் எடுக்குற ஆளுக்கு கொடுங்க, சாக்கடைல விடாதீங்க. கை நாத்தம் சோப்புக்கு அசையாது, அன்னைக்கு ராத்திரி ஸ்பூன்லதான் சாப்பாடு.