முதலில் சான்றிதழ், அப்புறம் மற்றதெல்லாம்

கடலூரில் மருத்துவ சமூகப்பணியாளராக இருக்கிறேன். உடம்பு முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "யாராவது டிரஸ்ட் இருந்தா சொல்லுங்க சார்" என்றுதான். டிரஸ்ட் இருக்கட்டும், பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் அடையாள அட்டையும் எடுத்தாயிற்றா என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஆபரேஷனுக்கு வழி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆறு வயதுக்குள் காது கேட்கவைக்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட்கூட அதில் உண்டு. காப்பீட்டு கவுன்டரில் வழிகாட்ட ஆள் இருக்கிறார்கள்.

குடும்பத்தைக் கரைப்பது ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் மாதங்கள்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகும் ஓர் அம்மா. மகனுக்கு மூளை முடக்குவாதம். பிசியோதெரபிக்கு வரும் நாளில் அவருக்குக் கூலி கிடையாது. பஸ், டயாபர், வலிப்பு மாத்திரை என்று அன்றைய செலவு தனி. இதையெல்லாம் எந்த மருத்துவமனையும் பில்லாகத் தருவதில்லை. அதனால் கடன் எப்படி ஏறியது என்று வீட்டுக்காரர்களுக்கே கணக்குத் தெரியாது.

இந்தச் செலவுக்குக் கைகொடுப்பதுதான் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, கடுமையான உடல் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் இருப்பதால், தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் நம் இடம் பின்னால் போகிறது. இதற்கும், துணைக்கு வருபவரோடு டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போவதற்கும், ரயில் சலுகைக்கும் பிள்ளையின் பாதிப்புக்குச் சான்று வேண்டும்.

அதை எடுக்கத்தான் வீட்டில் தடை. "மூணு வயசானா நடந்துடுவான்" என்பார் பாட்டி. பெண் பிள்ளை என்றால் நாளைக்குக் கல்யாணம் எப்படி நடக்கும் என்ற பேச்சு இப்போதே வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள்; வளர்ந்தபின் மறுபடி பரிசோதிப்பார்கள், முன்னேற்றம் இருந்தால் பாதிப்பின் சதவீதமும் மாறும். ஆகவே அது தலையெழுத்து இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற ரத்த நோய் உள்ள குழந்தைகளும் அதில் வருவார்கள் என்பது அவர்களின் பெற்றோரிலேயே பலருக்குத் தெரியாது.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாகூரில் புகுந்த வீடு, ரெட்டிச்சாவடியில் தாய்வீடு என்றிருப்பார்கள். பிள்ளை பிறந்ததும் அம்மா இங்கே வந்துவிடுவார். ரேஷன் கார்டு அங்கேயே கிடக்கும். கிட்டத்து ஊர்கள்தான், ஆனால் ஒன்று புதுச்சேரி அரசு, மற்றொன்று தமிழ்நாடு அரசு. இரண்டு பக்கமும் அலைக்கழிப்பு மிஞ்சும். எந்தப் பக்கம் நிரந்தரமாக இருக்கப்போகிறோம் என்று குடும்பத்தில் பேசி முடித்து, கார்டையும் ஆதார் முகவரியையும் ஒரே ஊருக்கு மாற்றுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் கீழ் இயங்கும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் வரை. தெரபிக்கும் வெளிநோயாளி செலவுக்கும்கூடப் பணம் திரும்பக் கிடைக்கும். சேருமுன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. இவ்வளவு நல்ல திட்டத்தில் பணம் எங்கே தவறிப்போகிறது தெரியுமா? பில்லில். மருந்துக்கடையில் மெஷினில் அடித்துத் தரும் வழவழப்பான பில், பிளாஸ்டிக் கவரில் வெயிலோடு கிடந்தால் சில மாதங்களில் வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலோடு பின் அடித்து வையுங்கள். பிறப்புச் சான்றில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வெறும் இனிஷியல் என்று இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். ஒரு புள்ளிக்காக விண்ணப்பம் திரும்பி வருவதைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

ஆன்லைனில் நிதி திரட்டுவதை நான் தடுப்பதில்லை. பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகுமா, நிதி திரட்டும் இணையதளம் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். "வாங்கித் தர்றேன், கமிஷன் கொடுங்க" என்று வார்டு வாசலில் நிற்பவரிடம் பேச்சே வேண்டாம்.

பிள்ளைக்குப் பதினேழு வயது ஆகிறது என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 18 நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர் மேஜர். அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது என்று வங்கியில் பெற்றோரையே திருப்பி அனுப்பலாம். நிராமயாவில் வரும் இந்த நான்கு குறைபாடுகளுக்கும் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிப்பது கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு. பிறந்தநாள் வருமுன்பே அந்தப் படிவத்தை வாங்கி, தேவைப்படும் சான்றுகளைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள்.