சாக மறுக்கும் ரத்தச் செல்லும் 22 எழுத்துக் கடிவாளமும்

நாட்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோயில் பி-லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் குவியக் காரணம், சாக வேண்டிய செல்கள் சாகாமல் தங்கிவிடுவதுதான். பெருக்கத்துக்கும் பங்குண்டு, ஆனால் முக்கியச் சிக்கல் சாவு தடைபடுவதில் இருக்கிறது.

இந்நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் 13-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அங்கே புரதம் தயாரிக்கும் மரபணுவைத் தேடித் தேடிப் பலர் ஏமாந்தார்கள். 2002-இல் ஜார்ஜ் காலின், கார்லோ குரோச்சே குழுவினர் அந்தத் துண்டில் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் (புரதம் தயாரிக்காமல், பிற மரபணுக்களின் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்.என்.ஏ-க்கள்) இருப்பதைக் காட்டினர்: மிர்-15ஏ, மிர்-16-1.

இவை முதலில் நீண்ட இழையாகவே பிறக்கின்றன. செல்லின் உட்கருவில் ட்ரோஷா நொதி அதை ஏறக்குறைய 70 எழுத்துள்ள (எழுத்து என்பது ஆர்.என்.ஏ-வின் அடிப்படை அலகு) கொண்டை ஊசி வடிவத்துக்கு நறுக்கும். வெளியே வந்ததும் டைசர் நொதி இன்னொருமுறை வெட்ட, 22 எழுத்து மிஞ்சும். அது ஆர்கோநாட் புரதத்தில் ஏறிக்கொண்டு இரையைத் தேடும். மிர்-15ஏ, மிர்-16 இரண்டுமே யு-ஏ-ஜி-சி-ஏ-ஜி-சி-ஏ-சி என்றுதான் தொடங்கும். இதில் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள்தாம் சாவி. மரபணுவின் புரதச் செய்முறையைச் சுமந்து வரும் தூது ஆர்.என்.ஏ-வின் வால்பகுதியில் இதற்குப் பொருந்தும் வரிசை இருந்தால் பிடி விழும். தூதின் வால் சிதையும், புரத உற்பத்தி தளரும். முழுதாக நிற்காது, அளவு குறையும்.

அப்படிப் பிடிபடும் தூதுகளில் ஒன்று பிசிஎல்-2 என்ற புரதத்துக்கானது. இதை 2005-இல் காட்டினார்கள். பிசிஎல்-2 மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் அமர்ந்து, செல்லைச் சாகத் தூண்டும் பிம் போன்ற புரதங்களைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி நழுவினால் பாக்ஸ், பாக் புரதங்கள் சவ்வில் துளை போடும்; சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும்; புரதங்களை வெட்டும் நொதிகளான காஸ்பேஸ்-9, பிறகு காஸ்பேஸ்-3 விழித்துச் செல்லை உள்ளிருந்தே அறுக்கும். மிர்-15ஏ, மிர்-16-1 தொலைந்தால் பிசிஎல்-2 மிகுந்து, இந்தச் சங்கிலி தொடங்கவே தொடங்காது. எலிகளில் இந்த இரண்டை மட்டும் நீக்கியபோதே இதை ஒத்த நோய் தோன்றியது.

தொலைந்ததைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று தோன்றும். அது எளிதல்ல. மிர்-34ஏ என்ற வேறொரு மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் நகலைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து நோயாளிகளுக்குச் செலுத்திய முதல்கட்டப் பரிசோதனை, கடுமையான நோயெதிர்ப்பு எதிர்வினைகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்து வேறு வழியில் போகிறது: பிசிஎல்-2 பிம்மைக் கவ்வும் பள்ளத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இங்கே அவசரம் கூடாது. எடுத்த எடுப்பில் முழு அளவும் கொடுத்தால் ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் மடிந்து பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகமும் இதயத் துடிப்பும் தடுமாறும். ஆகவே வாரம் ஒரு படியாக 20, 50, 100, 200, 400 மில்லிகிராம் என்று ஏற்றுவார்கள். பின்னாளில் மருந்து கேட்காமலும் போகலாம். சிலரில் பிசிஎல்-2-வின் 101-ஆம் இடத்தில் கிளைசின் போய் வேலின் வந்து, மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. வேறு சிலரில் எம்சிஎல்-1 என்ற உறவுப் புரதம் பிம்மைக் கவ்வும் வேலையை ஏற்றுக்கொள்கிறது.